எரித்திரியாவின் விலங்கு நாணயங்கள்: நினைவு வெளியீடும் புழக்கப் பணமும்

1993 மே 24 அன்று எத்தியோப்பியாவிடமிருந்து முறைப்படி விடுதலை பெற்ற எரித்திரியாவின் பெயரில், அவ்வாண்டே நினைவு நாணயங்கள் வெளிவந்தன. புவியைக் காக்க வேண்டும் என்னும் பொருள்பட ஆங்கில வாசகம் பொறித்த அவ்வரிசையில் முதலில் ட்ரைசெராடாப்ஸ், ஆன்கைலோசாரஸ் முதலிய தொல்லுயிர்களும், பின்னர் சிவிங்கிப்புலி முதலான காட்டு விலங்குகளும் இடம்பெற்றன. புதிய நாடொன்று தன் இயற்கை வளத்தை உலகிற்கு அறிவித்த சான்றாக இவற்றைக் கொள்ளத் தோன்றும். அவ்வாறு கொள்வதற்கு நாணயத்தின் முகமதிப்பே தடையாகிறது.

அம்முகமதிப்பு டாலரில் குறிக்கப்பட்டுள்ளது. அன்று எரித்திரியச் சந்தைகளில் புழங்கியதோ எத்தியோப்பியாவின் பிர். டாலர் என்னும் பெயரில் எரித்திரியாவுக்குப் புழக்கப் பணம் என்றுமே இருந்ததில்லை. ட்ரைசெராடாப்ஸின் புதைபடிவங்களும் வட அமெரிக்காவுக்கே உரியவை. மேலும், அதே ஆண்டில் அதே வாசகத்துடன், வேறொரு புதிய நாடான போசுனியாவின் பெயரிலும் டைனோசார் நாணயங்கள் வெளியாயின. ஆனால் அவற்றின் மதிப்பு அந்நாட்டுத் தினாரிலேயே குறிக்கப்பட்டது. இவ்வரிசையின் கருப்பொருள் எரித்திரியாவினுள் முகிழ்த்ததன்று என்பதும், இது வெளிநாட்டுச் சேகரிப்பாளரை நோக்கியது என்பதும் இவற்றால் பெறப்படும். நாட்டின் பெயர் இங்கு ஒரு விற்பனை உரிமம்; அவ்வளவே.

எரித்திரியாவின் சொந்தப் பணமான நக்பா 1997 நவம்பரில்தான் அறிமுகமாயிற்று. விடுதலைப் போரில் போராளிகளின் கோட்டையாக விளங்கிய ஊரின் பெயரே அதற்கு இடப்பட்டது. புழக்க நாணயங்களின் ஒருபுறம் கொடியேந்திய போராளிகளும் விடுதலை, சமத்துவம், நீதி என்னும் சொற்களும் உள்ளன. மறுபுறம் விலங்குகள்: 1 சென்ட்டில் மான், 5இல் சிறுத்தை, 10இல் நெருப்புக்கோழி, 25இல் கிரேவி வரிக்குதிரை, 50இல் முறுக்குக்கொம்பு மான், 100இல் கன்றுடன் யானை. போரில் மீட்ட நிலமும் அந்நிலத்து உயிர்களும் ஒரே உலோகத்தின் இருபுறமாக அமைந்த இவ்வைப்புமுறையே, நாட்டின் தற்கூற்றாக ஆராயத்தக்கது. மக்கள் கையில் நாள்தோறும் புரண்டதும் இதுவே.

ஆயினும் இந்தப் பட்டியலையும் விலங்கியல் கணக்கெடுப்பாகக் கொள்ளலாகாது. எரித்திரியாவில் யானைகள் தென்மேற்கே காஷ் ஆற்றுப் பகுதியில் சிறு கூட்டமாகவே எஞ்சியுள்ளன. கிரேவி வரிக்குதிரை இன்று காட்டுநிலையில் வாழ்வது கென்யாவிலும் எத்தியோப்பியாவிலுமே. அந்த எத்தியோப்பியாவுடன் நக்பாவின் வருகையை ஒட்டி வணிகப் பிணக்கு மூண்டது. 1998 மேயில் எல்லைப் போரும் தொடங்கியது.