பழங்காலச் சரவிளக்கு

பழங்காலச் சரவிளக்கு என்பது, உட்கூரையில் இருந்து தொங்கவிடப்படுவதும், பல கிளைகளில் விளக்குகளைத் தாங்குவதுமான, நூறு ஆண்டுகளுக்கு மேல் பழமையான அழகூட்டு விளக்கு ஆகும். கிளைகள் இல்லாமல் ஒற்றை விளக்குடன் சங்கிலியிலோ தண்டிலோ தொங்குவது தொங்குவிளக்கு எனப்படுகிறது. சரவிளக்கைச் சாண்டிலியர் என்றும், லஸ்தர் விளக்கு என்றும் அழைப்பது உண்டு. அரண்மனைகளுக்கும் மாளிகைகளுக்கும் உரியனவாக இருந்த இவ்விளக்குகள் இன்று சாதாரண வீடுகளுக்கும் வாங்கப்படுகின்றன. இவற்றைத் தெரிவு செய்யும்போது அழகை மட்டுமன்றி, உண்மைத்தன்மை, அறையின் அளவு, கூரையின் தாங்குதிறன், மின் பாதுகாப்பு, சட்டம் ஆகியவற்றையும் கருத்தில் கொள்ள வேண்டும்.

வரலாறு

ஐரோப்பாவின் தொடக்ககாலச் சரவிளக்குகள் மரத்தாலும் உலோகத்தாலும் ஆனவை. ஓவியர் யான் வான் ஐக் 1434 ஆம் ஆண்டில் வரைந்த ஆர்னோல்பினி ஓவியத்தில், செல்வர் வீடு ஒன்றின் அறையில் பித்தளைச் சரவிளக்கு தொங்குவதைக் காணலாம். 17 ஆம் நூற்றாண்டில் ஒல்லாந்தில் செய்யப்பட்ட பித்தளைச் சரவிளக்குகளின் நடுவில் பெரிய உருண்டை ஒன்று இருக்கும். அதன் வழவழப்பான பரப்பு மெழுகுவர்த்திகளின் ஒளியைத் தெறிக்கச் செய்தது.

1674 ஆம் ஆண்டில் சியார்ச் ரேவன்சுகிராப்ட் என்பவர் ஈயக் கண்ணாடிக்கு இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றார். ஈய ஒட்சைடு கலந்த இக்கண்ணாடி ஒளியை அதிகமாக விலகச் செய்வதுடன், பட்டை தீட்டுவதற்கும் எளிதானது. கண்ணாடிச் சரவிளக்குகளின் வளர்ச்சிக்கு இது வழி வகுத்தது. 18 ஆம் நூற்றாண்டில் வெனிசை அடுத்த முரானோத் தீவில், பூங்கொத்துப் போன்ற வண்ணக் கண்ணாடிச் சரவிளக்குகள் உருவாயின. பொகீமியாவில், உலோகக் கிளைகளைக் கண்ணாடிப் பட்டைகளால் மூடிச் செய்த வகை, அரசி மரியா தெரேசாவின் பெயரால் அறியப்படுகிறது.

பிரித்தானியாவில் 1745 ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின் மூலம் கண்ணாடிக்கு எடை அடிப்படையில் வரி விதிக்கப்பட்டது. அயர்லாந்துக்கு இவ்வரி 1825 வரை இல்லாததால் அங்கே கண்ணாடித் தொழில் செழித்தது. 1845 இல் வரி நீக்கப்பட்ட பின்னர், பிரித்தானியாவில் மிகப் பெரிய சரவிளக்குகள் செய்யப்பட்டன. 1807 இல் பர்மிங்காமில் தொடங்கப்பட்ட ஆசிலர் நிறுவனம் கல்கத்தாவிலும் விற்பனை நிலையம் அமைத்து, இந்திய அரச குடும்பங்களுக்குச் சரவிளக்குகளை விற்றது.

தமிழ்நாட்டில், 19 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் 20 ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் செட்டிநாட்டு நகரத்தார் கட்டிய பெரிய வீடுகளுக்குப் பர்மாத் தேக்கு, இத்தாலியச் சலவைக்கல் ஆகியவற்றுடன் ஐரோப்பியச் சரவிளக்குகளும் தருவிக்கப்பட்டன. அவ்வாறான வீடுகள் பல பின்னர் பிரிக்கப்பட்டபோது, அவற்றின் பொருட்கள் காரைக்குடியின் பழம்பொருள் கடைகளுக்கு வந்து சேர்ந்தன.

எரிபொருளும் காலமும்

ஒரு சரவிளக்கு எந்த எரிபொருளுக்காகச் செய்யப்பட்டது என்பதை அறிந்தால், அதன் காலத்தை ஓரளவு கணிக்கலாம்.

மெழுகுவர்த்தி விளக்கு: கிளைகளின் நுனியில் வர்த்தி செருகும் குழியும், உருகிய மெழுகைத் தாங்கும் வடிதட்டும் இருக்கும். கண்ணாடிக் கிளைகள் உள்ளே துளையின்றித் திண்மமாக இருக்கும். இவ்வகை விளக்குக்குப் பின்னாளில் மின் இணைப்புக் கொடுத்தபோது, கம்பி பெரும்பாலும் கிளையின் வெளிப்புறமாகவே கொண்டு செல்லப்பட்டது.

எரிவளி விளக்கு: இலண்டனில் 1807 இல் பால் மால் வீதியில் எரிவளி விளக்குகள் ஏற்றிக் காட்டப்பட்டன. பின்னர் இவை வீடுகளுக்கும் பரவின. எரிவளி குழாய் வழியாகவே வரவேண்டும் என்பதால், இவ்விளக்குகள் வெறும் சங்கிலியில் அன்றி உலோகக் குழாயில் தொங்கும். கிளைகளும் குழாய்களே. ஒவ்வொரு கிளையிலும் சிறிய திருகு அடைப்பான் காணப்படும்.

மின்விளக்கு: மெழுகுவர்த்திச் சுடர் மேல்நோக்கியே எரியும். மின்குமிழை எத்திசையிலும் பொருத்தலாம். எனவே 1880களுக்குப் பின்னர், விளக்குகள் கீழ்நோக்கிய வடிவங்கள் பரவலாயின. எரிவளி விளக்குகளிலும் 1900ஐ ஒட்டிக் கீழ்நோக்கி எரியும் வகை வந்ததால், திசையை மட்டும் கொண்டு முடிவு செய்யக்கூடாது.

உண்மைத்தன்மையைச் சோதித்தல்

பழங்காலச் சரவிளக்குகள் பலவற்றில் செய்தவர் பெயரோ ஆண்டோ பொறிக்கப்படுவது இல்லை. ஆகவே, பொருளையே நுணுகி ஆராய வேண்டும்.

* கையால் பட்டை தீட்டிய பளிங்குத் துளிகளின் விளிம்புகள் கூர்மையாக இருக்கும். அச்சில் வார்த்தவற்றின் விளிம்புகள் மழுங்கியிருக்கும்.
* கைவேலையில் துளிகளுக்கு இடையே சிறு வேறுபாடுகள் இருக்கும். எல்லாத் துளிகளும் இம்மியும் மாறாமல் இருந்தால், அவை பொறியில் தீட்டப்பட்டவையாக இருக்கலாம். டேனியல் சுவரோவ்சுக்கி பளிங்கு தீட்டும் பொறிக்குக் காப்புரிமை கோரியது 1892 ஆம் ஆண்டில் ஆகும்.
* ஈயக் கண்ணாடி எடை கூடியது. தளர்வாகத் தொங்கும் துளியை விரல் நகத்தால் மெல்லத் தட்டினால், ஒலி சற்று நேரம் நீடித்து ஒலிக்கும்.
* பித்தளையும் வெண்கலமும் காந்தத்தில் ஒட்டா. பித்தளை என்று சொல்லப்படும் கிளையில் காந்தம் ஒட்டினால், அது முலாம் பூசிய இரும்பு ஆகும்.
* கூட்டல் குறி போன்ற பள்ளம் உடைய திருகாணிகள் 1930களில்தான் சந்தைக்கு வந்தன. முதன்மையான இணைப்புகளில் இவை இருந்தால், விளக்கு புதியதாகவோ பின்னர் பழுது பார்க்கப்பட்டதாகவோ இருக்க வேண்டும்.

மேற்கண்ட சோதனைகளில் எந்த ஒன்றும் தனித்து முடிவைத் தராது. பல அடையாளங்கள் ஒரே காலத்தைச் சுட்டினால் மட்டுமே விளக்கின் வயதை நம்பலாம்.

உடைந்த பல விளக்குகளின் உறுப்புகளைச் சேர்த்து ஒரே விளக்காக ஆக்குவதும் உண்டு. கிளைகளின் உலோக நிறம், கண்ணாடியின் சாயல், துளிகளைக் கோர்த்த கம்பியின் வகை ஆகியவை இடத்துக்கு இடம் மாறுபட்டால் இவ்வாறான ஐயம் எழ வேண்டும். இத்தகைய விளக்கு பயன்பாட்டுக்கு உகந்ததாகவே இருக்கலாம். ஆனால், குலையாத முழு விளக்கின் விலையை அதற்குக் கொடுக்க வேண்டியதில்லை.

அறைக்கு ஏற்ற அளவு

அறையின் நீளத்தையும் அகலத்தையும் அடிக்கணக்கில் கூட்டி, அதே எண்ணை அங்குலமாகக் கொண்டால், விளக்கின் ஏற்ற விட்டம் கிடைக்கும் என்பது வழக்கிலுள்ள ஒரு விதி. எடுத்துக்காட்டாக, 16 அடி நீளமும் 12 அடி அகலமும் உள்ள கூடத்துக்கு 28 அங்குல விட்டம் பொருந்தும். நடமாடும் இடத்தில் விளக்கின் அடிப்பகுதி தரையில் இருந்து குறைந்தது 7 அடி உயரத்தில் இருக்க வேண்டும். உணவு மேசைக்கு மேல் எனில், மேசைப் பரப்பில் இருந்து 30 முதல் 36 அங்குலம் வரை இடைவெளி விடுவர்.

பழங்கால விளக்குகளில் உயரமே பெரும்பாலும் சிக்கலாகிறது. உட்கூரை 10 அடி உயரத்தில் உள்ள வீட்டில், சங்கிலியையும் சேர்த்து 3 அடி உயரமான விளக்கையே தொங்கவிட முடியும். மாளிகைகளுக்காகச் செய்யப்பட்டவை இதைவிட மிகவும் உயரமாக இருக்கக்கூடும். சங்கிலியின் கண்ணிகளைக் கழற்றிக் குறைக்கலாம். கழற்றிய கண்ணிகளைப் பத்திரப்படுத்தினால் மீண்டும் சேர்க்கவும் இயலும். ஆனால் நடுத்தண்டை வெட்டினால், விளக்கின் அளவமைதியும் மதிப்பும் ஒருங்கே அழியும். அதை மீட்க இயலாது. அத்தகைய விளக்கை வாங்காமல் விடுவதோ, மாடிப்படிக்கு மேலுள்ள உயரமான வெளியில் அமைப்பதோ நல்லது.

மின்விசிறியின் இறக்கைகளுக்கு மேலே விளக்கு அமையக்கூடாது. சுழலும் இறக்கைகள் ஒளியை விட்டுவிட்டு மறைப்பதால் கண்ணுக்குத் தொல்லையாகும். காற்றில் ஆடும் துளிகள் ஒன்றோடொன்று மோதி உடையவும் கூடும்.

எடையும் கூரையும்

குவாலியரில் 1874 இல் கட்டப்பட்ட ஜெய் விலாஸ் அரண்மனையின் அரசவை மண்டபத்தில், ஒவ்வொன்றும் ஏறத்தாழ மூன்றரை டன் எடையுள்ள இரு சரவிளக்குகள் உள்ளன. அவற்றைத் தொங்கவிடுவதற்கு முன்னர், கூரையின் வலிமையைச் சோதிக்க அதன் மேல் யானைகள் ஏற்றப்பட்டதாகக் கூறுவர். வீட்டு விளக்குக்கு யானைகள் வேண்டியதில்லை எனினும், சோதனை வேண்டும். கொக்கியில் விளக்கின் எடையைப் போல நான்கு மடங்கு எடையை ஒரு மணி நேரம் தொங்கவிட்டுப் பார்ப்பது நல்ல நடைமுறை ஆகும். கொக்கி காங்கிரீட்டுத் தளத்திலோ உத்தரத்திலோ பதிந்திருக்க வேண்டும். பொய்க்கூரைப் பலகையில் ஒருபோதும் தொங்கவிடக் கூடாது. விளக்கின் எடையை மின்கம்பி சிறிதும் தாங்கக்கூடாது.

மின் பாதுகாப்பும் ஒளியும்

பழைய மின்கம்பிகளில் இரப்பரின் மேல் துணி சுற்றப்பட்டிருக்கும். காலப்போக்கில் இரப்பர் காய்ந்து உதிர்வதால், கம்பி உலோகக் கிளையைத் தொட்டு விளக்கு முழுவதிலும் மின்சாரம் பாயக்கூடும். துணியைத் துடைக்கும்போது உயிருக்கே ஆபத்து நேரலாம். எனவே பழைய விளக்கை வாங்கியவுடன் எரியவிட்டுப் பார்க்காமல், தகுதி பெற்ற மின்பணியாளரைக் கொண்டு கம்பிகளையும் குமிழ்த் தாங்கிகளையும் மாற்ற வேண்டும். உலோகச் சட்டத்துக்குப் புவி இணைப்பு இன்றியமையாதது. அமெரிக்காவில் இருந்து வந்த விளக்குகள் 120 வோல்ட்டு அளவுக்கு ஏற்ப அமைந்தவை ஆதலால், 230 வோல்ட்டு வழங்கல் உள்ள இந்தியாவில் அவற்றின் மின் உறுப்புகளை மாற்றாமல் பயன்படுத்தக்கூடாது.

ஒரு மெழுகுவர்த்தி ஏறத்தாழ 12 லூமென் ஒளி தரும். அதாவது, பன்னிரண்டு வர்த்திகள் கொண்ட சரவிளக்கின் மொத்த ஒளி 150 லூமென் அளவே ஆகும். பழைய 60 வாட்டு மின்குமிழ் ஒன்றே இதைப் போல நான்கு மடங்குக்கு மேல் ஒளி தந்தது. ஆகவே, ஒவ்வொரு கிளையிலும் ஆற்றல் மிக்க குமிழைப் பொருத்தினால், கண் கூசுமே அன்றி அழகு கூடாது. 2700 கெல்வின் அளவிலான இளமஞ்சள் ஒளி தரும், குறைந்த ஆற்றல் ஒளியீர் குமிழ்கள் ஏற்றவை. அவை வெப்பம் குறைந்தவை ஆதலால் பழைய உறுப்புகளுக்கும் தீங்கு குறைவு. தெளிந்த கண்ணாடிக் குமிழ்களே பளிங்கை மின்னச் செய்யும். பால் நிறக் குமிழ்கள் ஒளியைப் பரப்பி மின்னலைக் குறைத்துவிடும்.

துப்புரவு செய்தல்

முதலில் மின்சாரத்தைத் துண்டித்து, பல கோணங்களில் ஒளிப்படம் எடுத்துக்கொள்ள வேண்டும். மூன்று பங்கு வடிநீருடன் ஒரு பங்கு ஐசோபுரொப்பைல் ஆல்ககால் கலந்து, அதில் நனைத்துப் பிழிந்த மென்துணியால் ஒவ்வொரு துளியாகத் துடைக்கலாம். அமோனியா கலந்த நீர்மங்கள் பித்தளையையும் கோர்ப்புக் கம்பிகளையும் அரிக்கும். துடைப்பவர்தான் விளக்கைச் சுற்றி வரவேண்டும். விளக்கைச் சுழற்றினால் மேலுள்ள திருகு கழன்று, விளக்கு விழ நேரிடலாம். உலோகத்தில் காலத்தால் படிந்த கருமையைத் தேய்த்துப் பளபளப்பாக்கினால், அதன் பழமைச் சான்று மறைந்துவிடும்.

சட்டம்

இந்தியாவில், தொல்பொருட்கள் மற்றும் கலைச் செல்வங்கள் சட்டம், 1972 என்பதன்படி, நூறு ஆண்டுகளுக்குக் குறையாத கைவினைப் படைப்புகள் தொல்பொருட்கள் ஆகும். தொல்பொருட்களை விற்கும் தொழில் செய்வதற்கு உரிமம் வேண்டும். தனியார் அவற்றை நாட்டுக்கு வெளியே ஏற்றுமதி செய்ய முடியாது. ஆகவே, வெளிநாட்டில் வாழ்பவர் ஒருவர் இந்தியாவில் பழங்காலச் சரவிளக்கு வாங்கும் முன்னர் இதனை அறிந்திருத்தல் வேண்டும். வாங்குபவர், விளக்கின் காலம், எடை, செய்யப்பட்ட பழுதுகள், மாற்றப்பட்ட உறுப்புகள் ஆகியவை குறிக்கப்பட்ட விற்பனைச் சீட்டைப் பெறுவது நல்லது. எந்த வீட்டில் இருந்து வந்தது என்பது தெரிந்தால் அதையும் எழுதி வாங்கலாம். வீடு இடிக்கப்பட்ட பின்னர், அதைப் பற்றி எஞ்சும் எழுத்துச் சான்று அதுவாகவே இருக்கக்கூடும்.