கொக்கலையும் பேர்த்தும்: வான்வழித் தூரமும் பயண நேரமும்

இரு விமானத் துறைகளுக்கிடையேயுள்ள தூரம் என்றும் ஒன்றே. அதனைக் கடக்கும் நேரமோ நாளுக்கு நாள் வேறுபடும். இவ்வுண்மையை விளக்குதற்கு, 1943 முதல் 1945 வரை நம் கொக்கலைக்கும் மேற்கு அவுஸ்திரேலியாவின் பேர்த் நகருக்கும் இடையே நடைபெற்ற விமான சேவையினும் சிறந்த எடுத்துக்காட்டுக் கிடைத்தல் அரிது.

1942 பெப்ரவரியிற் சிங்கப்பூர் யப்பானியர் வசமாகவே, பிரித்தானியாவையும் அவுஸ்திரேலியாவையும் பிணைத்திருந்த வான்வழி அறுந்தது. இந்து சமுத்திரத்தை இடையிற் தங்காது கடந்தாலன்றி அதனை மீண்டும் பிணைத்தல் இயலாதாயிற்று. குவான்டாஸ் நிறுவனத்தார் கற்றலினா என்னும் நீர்விமானங்கள் ஐந்தைக் கொண்டு இப்பணியை மேற்கொண்டனர். பேர்த்தின் சுவான் ஆற்றுக்கும் கொக்கலை வாவிக்கும் இடையே அவை சென்று மீண்டன.

புவி கோளமாதலின், அதன் மேற்பரப்பில் இரு இடங்களுக்கிடையே மிகக் குறுகிய வழி, புவிமையத்தையே தன் மையமாகக் கொண்ட பெருவட்டத்தின் வில்லாகும். கொக்கலை வடக்கே 6 பாகையிலும், பேர்த் தெற்கே ஏறக்குறைய 32 பாகையிலும் உள்ளன. நெடுங்கோட்டு வேறுபாடு 35½ பாகை. இவற்றிலிருந்து கோளத் திரிகோண கணித முறையால் அவ்வில்லின் மையக்கோணம் 50.8 பாகையெனப் பெறலாம். பாகையொன்றுக்கு 60 கடல் மைலாகத் தூரம் ஏறக்குறைய 3,050 கடல் மைல், அதாவது 5,650 கிலோமீற்றர். மேக்கேற்றரின் படத்தில் நேர்கோடிட்டு அதன்வழிச் செல்பவரும் இங்கே மூன்று கடல் மைல் அளவே இழப்பர். மத்திய கோட்டை அடுத்த வழிகளின் இயல்பு அது. வடபுலத்தில் நிலைமை வேறு. இலண்டனுக்கும் தோக்கியோவுக்கும் இடையிலான பெருவட்ட வில் வட சைபீரியாவரை ஏன் வளைகிறதென ஐயுறும் மாணவர், பூகோள உருண்டையில் நூலொன்றை இழுத்துப் பிடித்துப் பார்ப்பாராக.

இனி நேரம். கற்றலினாவின் வேகம் மணிக்கு ஏறக்குறைய 200 கிலோமீற்றர். எனவே 28 மணித்தியாலங்களிற் பயணம் முடிதல் வேண்டும். ஆயினும் மிக நீண்ட பயணம் 32 மணித்தியாலமும் 9 நிமிடமும் எடுத்தது. மரத்தின் சிறு கிளைகளை அசைக்கும் அளவான, மணிக்கு 24 கிலோமீற்றர் எதிர்க்காற்றே இத்தாமதத்துக்குப் போதுமானது. மணிக்கு 850 கிலோமீற்றர் செல்லும் இன்றைய தாரை விமானத்தை அதே காற்று அவ்வழியிற் பன்னிரண்டு நிமிடமளவே தாமதிக்கச் செய்யும்.

கற்றலினாவிலோ நான்கு மணித்தியாலத் தாமதம் உயிரைப் பொறுத்த கணக்கு. அதனாற் பெரும்பாரம் எரிபொருளாகவே அமைய, பயணிகள் மூவரும் 69 கிலோகிராம் தபாலுமே ஏற்றப்பட்டனர். பகைவர் அறியாவண்ணம் வானொலி மௌனம் காக்கப்பட்டமையின், விமானிகள் விண்மீன்களை அளந்தே வழியறிந்தனர். அவ்விமானங்களுக்கு ரைஜெல், ஸ்பைக்கா முதலிய விண்மீன்களின் பெயர்களையே இட்டிருந்தமை பொருத்தமே. ஒரே பயணத்தில் இருமுறை சூரியோதயம் கண்ட பயணிகளுக்குச் சான்றிதழும் வழங்கப்பட்டது. இவ்வாறு 271 முறை சமுத்திரம் கடக்கப்பட்டது. 1944இல் இரத்மலானைக்கு வரத் தொடங்கிய லிபரேற்றர் விமானங்கள் கடற்பயண நேரத்தை ஏறக்குறைய 17 மணித்தியாலமாகக் குறைத்தன.

நிற்க, கால அட்டவணையை மட்டும் நோக்குவோர் பிறிதொரு மயக்கத்துக்கு உள்ளாவர். பேர்த்தின் கடிகாரம் நம்முடையதற்கு 2½ மணித்தியாலம் முந்தியது. கட்டுநாயக்காவில் நண்பகலிற் புறப்பட்டு ஏழு மணித்தியாலம் பறக்கும் விமானம் அங்கு இரவு 9.30க்கு இறங்கும்; அங்கே நண்பகலிற் புறப்பட்டு அதே நேரம் பறந்து மீள்வது இங்கு மாலை 4.30க்கே வந்து சேரும்.