பாட்டுக்கும் பிரஜாவுரிமை

ஒரு பாட்டு எந்த நாட்டுப் பாட்டு? வேடிக்கையான கேள்விதான். கனடாவில் இதற்குச் சட்டப்படியே கணக்கு இருக்கிறது.

1960களில் அங்கே ஆங்கிலத்தில் பாட வந்தவர்களுக்கு முன்னேற வழி என்றால் எல்லையைத் தாண்டுவதுதான். நீல் யங், ஜோனி மிச்சல் எல்லாரும் அமெரிக்கா போய்த்தான் பெயரெடுத்தார்கள். பக்கத்து வீட்டுக்காரன் பெரியவன், பேசுகிற மொழியும் ஒன்று. வானொலிக்காரருக்கு அமெரிக்க இசைத்தட்டைச் சுழலவிட்டாலே பொழுது போய்விடும். சொந்த ஊர்ப் பிள்ளையைத் தேடுவானேன்?

1971இல் ஒலிபரப்பு ஆணைக்குழு தலையிட்டது. ஏ.எம். வானொலிகள் போடும் பாட்டில் 30 வீதம் கனடாவுடையதாக இருக்க வேண்டும் என்றது. மெட்டு, பாடகர், ஒலிப்பதிவு, பாடல்வரி ஆகிய நான்கில் இரண்டாவது கனடாவுடையதாக இருந்தால் அது கனடாப் பாட்டு. வானொலிக்காரர் முணுமுணுத்தார்கள். ஆணைக்குழுத் தலைவர் பியர் ஜூனோ. அந்நாட்டு இசை விருதுக்கு 'ஜூனோ' என்ற பெயர் வந்ததும் அவரை வைத்துத்தான்.

கணக்கென்றால் கணக்குத்தான். 1991இல் பிரயன் அடம்ஸின் காதல் பாட்டொன்று பிரித்தானியாவில் 16 வாரம் முதலிடத்தில் நின்றது. ஆள் கனடாவில் பிறந்தவர், வான்கூவர்வாசி. ஆனால் வரியிலும் மெட்டிலும் வெளிநாட்டவரின் கூட்டு, ஒலிப்பதிவும் வெளியே. நான்கில் ஒன்றுதான் தேறியது. பாட்டு கனடாப் பாட்டில்லை என்றாகிவிட்டது! மனுசன் கொதித்துப்போய் இந்த விதியே வேண்டாமென்றார்.

உலகச் சந்தை கையிலுள்ளவர் அப்படிச் சொல்லலாம். வின்னிபெக்கில் ஒரு கிற்றாரோடு இருக்கும் புதுப் பிள்ளைக்கு அந்த 30 வீதம்தானே வாசல்? 1993இல், கூட்டாக எழுதுகிறவருக்கும் பங்கு கிடைக்கிற மாதிரி விதியைத் திருத்தினார்கள். வீதத்தைக் குறைக்கவில்லை, பின்னாளில் 35 ஆக்கினார்கள்.