முடவாட்டுக்கால்: சூப்புக்கு முன் ஒரு துண்டை நட்டு வையுங்கள்!

"டாக்டர், முடவாட்டுக்கால் சூப் குடிச்சா முட்டிவலி போயிடுமாமே?" மொரப்பூரில் என்னிடம் வருகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. கொல்லிமலை, ஏற்காடு போய் வந்தவர்கள் கிழங்கையே கையோடு வாங்கி வந்துவிடுகிறார்கள்.

உண்மையில் இது கிழங்கு அல்ல. பாறையிலும் மரத்திலும் படரும் பெரணிச் செடியின் தண்டு. மேலே பழுப்பு ரோமம் மூடியிருப்பதால் ஆட்டுக்கால் போலத் தெரிகிறது. மரத்தில் ஒட்டி வளர்ந்தாலும் அதன் சத்தை உறிஞ்சாது.

வலி தீருமா?

முடக்குவலிக்கு இதைக் கொடுப்பது நெடுநாள் வழக்கம். விலங்குகளிடம் செய்த ஆய்வுகளிலும் வலி, வீக்கம் குறைந்திருக்கிறது. அதற்காக ஒரு கப் சூப்பில் தேய்ந்த மூட்டு சரியாகிவிடாது. மூட்டு சிவந்து வீங்கினாலோ, காய்ச்சல் இருந்தாலோ உடனே மருத்துவரைப் பாருங்கள். சாப்பிடும் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். கர்ப்பிணிகளுக்கு இது வேண்டாம்.

வளர்ப்பது எப்படி?

மலையில் தண்டை முழுசாகப் பெயர்த்தால் அந்தச் செடி அத்தோடு போச்சு. வாங்கி வந்தது காயாமல், நுனிக் குருத்து உயிரோடு இருந்தால், அரையடித் துண்டை எடுத்து வையுங்கள், ரோமத்தைச் சுரண்டாதீர்கள்.

மண்ணில் புதைத்தால் அழுகிவிடும். மாமரக் கவட்டிலோ, சொரசொரப்பான மரக்கட்டையிலோ தேங்காய் நாரை வைத்து, அதன்மேல் தண்டைக் கயிற்றால் கட்டுங்கள். தொட்டிதான் வசதி என்றால் தேங்காய் மட்டைத் துண்டு, அடுப்புக்கரி, இலைமக்கு கலந்து, அதன்மேல் படுக்க வைத்தால் போதும்.

நம்ம தர்மபுரி வெயில் நேராகப் படக்கூடாது. காலை, மாலை தண்ணீர் தெளியுங்கள், தேங்க விடாதீர்கள்.

காய்ந்த இலையைக் கிள்ளாதீர்கள்!

இதில் இரண்டு வகை இலை உண்டு. நீளமான பச்சை இலையின் அடியில் உள்ள புள்ளிகளில்தான் வித்துத் தூள் இருக்கும். அடியில் தோல்போல் தடித்த சிறு இலைகள் சீக்கிரமே பழுத்துப் பழுப்பாகிவிடும். "காஞ்சு போச்சு" என்று பிய்த்துப் போட்டுவிடாதீர்கள். உதிரும் சருகைப் பிடித்து வைத்து, மக்க வைத்து, செடிக்கு ஈரமும் உரமும் தருவது அவைதான். கோடையில் பச்சை இலை உதிர்ந்தாலும் கவலை வேண்டாம், மழைக்குத் துளிர்க்கும்.

தண்டு நன்றாகப் படர்ந்த பிறகு, குருத்தை விட்டுவிட்டு, முற்றிய பின்பகுதியை மட்டும் வெட்டுங்கள். ரோமத்தைச் சுரண்டி, நசுக்கி, மிளகு, சீரகம், பூண்டு, சின்ன வெங்காயத்தோடு கொதிக்க வைத்து வடிகட்டினால் சூப் தயார். செடியும் உங்கள் வீட்டிலேயே இருக்கும்!