சீட்டில் பூத்த தாமரை

கிளி எடுத்துத் தரும் சோதிடச் சீட்டில் பூவுக்கும் ஒரு பலன் உண்டு, தெரியுமா நேயர்களே?

நம்ம லிட்டில் இந்தியாவில் சீட்டெடுத்த 'மணி' என்ற கிளியைப் பலருக்கு நினைவிருக்கும். 2010 உலகக் கிண்ணக் காற்பந்தின்போது அதன் கணிப்புகள் உலகச் செய்திகளிலேயே அடிபட்டன. இறுதியாட்டத்தில் மணி நெதர்லாந்தை எடுக்க, கிண்ணமோ ஸ்பெயினுக்குப் போய்விட்டது!

கிளி சோதிடச் சீட்டுகளில் பெரும்பாலும் தெய்வப் படங்கள்தான். லட்சுமி வந்தால் பணவரவு என்பார்கள். அவள் அமர்ந்திருக்கும் செந்தாமரையைக் கவனித்திருக்கிறீர்களா? சேற்றில் வேர்விட்டும் சேறு படாமல் மலர்வதால், அது தூய்மைக்கும் செழிப்புக்கும் அடையாளம். சரஸ்வதிக்கு வெண்தாமரை, அது கல்விக்கு.

மேல்நாட்டு டாரட் சீட்டிலும் செடிகொடிகள் பேசும். 1909இல் லண்டனில் வெளியான புகழ்பெற்ற சீட்டுக்கட்டை வரைந்தவர் பமேலா கோல்மன் ஸ்மித் என்ற பெண் ஓவியர். அதில் 'பெண் பூசாரி' என்ற சீட்டில், அவளுக்குப் பின்னால் தொங்கும் திரையில் வரிசையாக மாதுளம்பழங்கள். உள்ளே விதைகள் நெருக்கியடித்துக் கிடக்கும் பழம் அல்லவா? அதனால் மாதுளையை வளத்தின் குறியாகச் சொல்கிறார்கள். சூரியன் சீட்டிலோ, மதில்மேல் எட்டிப் பார்க்கின்றன சூரியகாந்திகள்!