நேரத்தைக் கொடையாகக் கொடுத்தோர்: ஓர் இயங்குதளம் உருவாகும் விதம்



நன்கொடை என்றதும் பணம்தான் முதலில் நம் நினைவுக்கு வருகிறது. அடுத்தபடியாக அரிசி, துணி, இரத்தம் என்று எண்ணுகிறோம். ஆனால் மாலை நேரங்களையும் விடுமுறை நாட்களையுமே கொடையாகக் கொடுத்து, உலகம் முழுவதும் பயன்படும் ஒன்றைப் பலர் சேர்ந்து கட்டி எழுப்பியிருக்கிறார்கள். அதுதான் திறமூல இயங்குதளம். அது எப்படி உருவாகிறது, அதில் தமிழின் இடம் என்ன, நம் வீட்டுப் பிள்ளைகள் அதில் எவ்வாறு பங்குபெறலாம் என்பதை இங்கே சுருக்கமாகக் காண்போம்.

இயங்குதளம் என்பது யாது?

கணினியை இயக்கியவுடன் முதலில் விழித்தெழுந்து திரை, விசைப்பலகை, அச்சுப்பொறி ஆகிய அனைத்தையும் ஒழுங்காக வேலை செய்ய வைக்கும் அடிப்படை மென்பொருளே இயங்குதளம். விண்டோஸ் அவ்வகையில் நமக்குப் பழக்கமான ஒன்று. அதன் உரிமை ஒரு நிறுவனத்துக்குச் சொந்தம். குறை கண்டால் அந்த நிறுவனம்தான் திருத்த வேண்டும். திறமூல இயங்குதளம் அப்படியல்ல. அதன் மூல நிரல் எல்லோருக்கும் திறந்து வைக்கப்பட்டிருக்கிறது. யாரும் படிக்கலாம், திருத்தலாம், படியெடுத்துப் பிறருக்கும் கொடுக்கலாம்.

1983-இல் அமெரிக்காவைச் சேர்ந்த ரிச்சர்டு ஸ்டால்மன் இத்தகைய இயங்குதளம் ஒன்றை உருவாக்கும் குனு திட்டத்தை அறிவித்தார். 1991 ஆகஸ்டில், பின்லாந்தின் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவரான லினஸ் டோர்வால்ட்ஸ், தாம் பொழுதுபோக்காக ஓர் இயங்குதளம் எழுதிவருவதாக அறிவித்துப் பிறரின் கருத்தைக் கேட்டார். அப்போது அவருக்கு வயது 21. லினக்ஸ் என்று பெயர் பெற்ற அந்தக் கருநிரல்தான் இன்று ஆண்ட்ராய்டு கைபேசிகளுக்கும் அடிப்படை. 2017 நவம்பர் முதல், உலகின் அதிவேகக் கணினிகள் 500-இன் பட்டியலில் உள்ள அனைத்தும் லினக்ஸிலேயே இயங்குகின்றன. இப்போது கருநிரலின் பெரும்பகுதியை நிறுவனங்களில் சம்பளம் பெறுவோரே எழுதுகிறார்கள். ஆயினும் அதைச் சுற்றியுள்ள எண்ணற்ற பணிகள், குறிப்பாகத் தமிழ் போன்ற மொழிகளுக்கான பணிகள், இன்றும் தன்னார்வலர்களையே நம்பியிருக்கின்றன.

அதிராம்பட்டினம் தந்த கொடையாளர்

இந்தத் தன்னார்வப் பணியை நாம் தொலைவில் தேடிப் போக வேண்டியதில்லை. 1953-இல் அதிராம்பட்டினத்தில் பிறந்த உமர் தம்பி அவர்களைத் தமிழ்க் கணினி உலகம் நன்கு அறியும். துபாயில் பணிபுரிந்தவர் அவர். அன்றைய கணினிகள் பலவற்றில் தமிழைச் சரியாகக் காட்ட இயங்குதளம் உதவவில்லை. ஒருவர் தட்டச்சு செய்து அனுப்பியது மற்றொருவர் திரையில் கட்டம் கட்டமாகத் தெரியும். ஆளுக்கொரு எழுத்துரு, ஆளுக்கொரு குறியீட்டு முறை என்றிருந்த காலம் அது.

உமர் தம்பி, யூனிகோடு முறையில் அமைந்த தேனீ வகை எழுத்துருக்களை உருவாக்கினார். படிப்பவரின் கணினியில் தமிழ் எழுத்துரு இல்லாவிட்டாலும், பக்கத்தோடு தானே இறங்கி வந்து தமிழைக் காட்டும் எழுத்துருவையும் அவர் கொடுத்தார். பழைய குறியீடுகளில் இருந்ததை யூனிகோடுக்கு மாற்றும் கருவி, ஒலிப்பு முறையில் தட்டச்சு செய்யும் கருவி என்று மேலும் பலவற்றைச் செய்தார். இவற்றுக்காக யாரிடமும் அவர் விலை கேட்கவில்லை. 2006 ஜூலை 12-ஆம் நாள் அவர் மறைந்தார். 2010-இல் கோவையில் செம்மொழி மாநாட்டோடு நடந்த தமிழ் இணைய மாநாட்டில் அரங்கம் ஒன்றுக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது.

அவர் இயங்குதளத்துக்கு வெளியே நின்று அதன் குறையை ஈடுசெய்தார். திறமூல இயங்குதளத்திலோ தன்னார்வலர் உள்ளேயே சென்று குறையைச் சரிசெய்யலாம்.

உள்ளே நடக்கும் வேலை

'கொ' என்ற எழுத்தை எடுத்துக்கொள்வோம். கணினியின் நினைவகத்தில் முதலில் 'க', பிறகு ஒகரக் குறி என்றே அது பதிவாகிறது. திரையில் காட்டும்போதோ ஒற்றைக்கொம்பு முன்னே வர வேண்டும், கால் பின்னே வர வேண்டும். இதை ஒவ்வொரு முறையும் பிழையின்றிச் செய்ய நிரல் வேண்டும். தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவர் பார்த்துச் சொன்னால்தான் அந்த நிரல் சரியா தவறா என்பதே தெரியவரும்.

அடுத்தது மொழிபெயர்ப்பு. லினக்ஸில் பயன்படும் கே.டி.ஈ., குனோம் ஆகிய திரை முகப்புகளைத் தமிழாக்கும் பணியை, 2000-ஆம் ஆண்டையொட்டிப் பல நாடுகளில் வாழும் தமிழர்கள் மேற்கொண்டார்கள். நிரலில் உள்ள ஆங்கில வாசகங்கள் தனிக் கோப்பாகப் பிரித்துத் தரப்படும். ஒவ்வொன்றின் கீழும் தமிழ் வாசகம் எழுத வேண்டும். கேட்பதற்கு எளிது. ஆனால் கோப்பின் பெயர் வர வேண்டிய இடத்தில் ஒரு குறி மட்டுமே இருக்கும். 'இந்தக் கோப்பை அழிக்கவா?' என்று கேட்க, முன்கூட்டியே தெரியாத பெயரோடு 'ஐ' உருபைச் சேர்ப்பது எப்படி? 'அடைவு' என்பதா, 'கோப்புறை' என்பதா? இப்படிப்பட்ட கேள்விகளுக்கு விடை காண நிரல் அறிவைவிட நல்ல தமிழ் அறிவே வேண்டும்.

ஒருவர் தோளில் முழுச் சுமை

இப்பணியில் ஆபத்தும் உண்டு. எக்ஸ்.இசட். என்பது கோப்புகளைச் சுருக்கும் ஒரு சிறு கருவி. லினக்ஸ் தொகுப்புகள் பெரும்பாலானவற்றில் அது இருக்கிறது. பல ஆண்டுகளாக அதைப் பராமரித்தவர் ஏறக்குறைய தனி ஒருவரே. அவரும் சம்பளமில்லாத் தன்னார்வலர். அவர் சோர்ந்திருந்த காலத்தில் உதவ வந்த ஒருவர், இரண்டாண்டுகளுக்கு மேலாக நம்பிக்கை தேடிக்கொண்டு, 2024 தொடக்கத்தில் அதற்குள் கள்ளவழி ஒன்றை ஒளித்து வைத்துவிட்டார். ஆண்ட்ரெஸ் பிராய்ண்ட் என்ற பொறியாளர், கணினிக்குள் நுழைய வழக்கத்தைவிட அரை விநாடி கூடுதலாவதைக் கவனித்துத் துருவிப் பார்த்தார். 2024 மார்ச் 29 அன்று உண்மை வெளிவந்தது. பெரும் சேதம் தவிர்க்கப்பட்டது. நிரல் திறந்திருந்ததால்தான் அவரால் துருவிப் பார்க்க முடிந்தது. பத்துப் பேர் சுமக்க வேண்டியதை ஒருவர் தோளில் வைத்ததே தீமைக்கு வழியைத் திறந்தது.

யார் உதவலாம்?

நிரல் எழுதுவோர் மட்டுமே உதவ முடியும் என்று எண்ண வேண்டாம். தமிழ் ஆசிரியர் மொழிபெயர்ப்பைத் திருத்தலாம். கல்லூரி மாணவர் புதிய பதிப்பை நிறுவிப் பார்த்து, எந்தக் கணினியில், எந்தப் படியில், என்ன பிழை வந்தது என்று தெளிவாக எழுதி அனுப்பலாம்; பிழையை மீண்டும் உண்டாக்கிக் காட்டும் குறிப்பு பாதி மருத்துவம் போன்றது. நிரல் அறிந்தவர் சிறிய திருத்தமொன்றை எழுதி அனுப்பினால், பொறுப்பாளர் அதைப் படித்துப் பார்த்து ஏற்பார், அல்லது குறையைச் சுட்டித் திருப்பி அனுப்புவார். திருப்பி அனுப்பினால் மனம் தளர வேண்டாம். எல்லோரும் அப்படித்தான் கற்கிறார்கள்.

தொடங்குவதற்குப் புதுக் கணினியும் தேவையில்லை. 2011 முதல் தமிழக அரசு மாணவர்களுக்கு வழங்கிய மடிக்கணினிகளில், சென்னை சி-டாக் நிறுவனம் டெபியனை அடியொற்றி உருவாக்கிய பாஸ் லினக்ஸும் விண்டோஸோடு சேர்த்து இடம்பெற்றது. அப்படி ஒன்று வீட்டு அலமாரியில் கிடந்தால் அதையே எடுத்துத் தூசி தட்டலாம். பழைய கணினிக்கேற்ற எளிய லினக்ஸ் தொகுப்புகளும் கிடைக்கின்றன. வாரத்துக்கு ஒரு மணி நேரம், பத்து வாசகங்கள் என்று தொடங்கினால் போதும்.

உமர் தம்பி தனியாகவே அவ்வளவு செய்தார். அவரவர் தாலந்துக்கேற்ப நம் பிள்ளைகளில் சிலர் இப்பணியில் சேர்ந்தால், தமிழின் சுமை இனியும் ஒருவர் தோளில் இருக்காது. உங்கள் வீட்டில் கணினி படிக்கும் பிள்ளை இருந்தால், இந்தப் பக்கத்தை அன்புகூர்ந்து அவரிடம் கொடுங்கள்.