தூண்டிலில் மூன்று முள் வேண்டாம், ஒன்று போதும்

வடகிழக்குப் பருவமழையில் கண்மாய்கள் நிறைந்ததும், நாகமலை புதுக்கோட்டையைச் சுற்றியுள்ள கரைகளில் தூண்டிலுடன் அமர்வோரின் எண்ணிக்கை பெருகுகிறது. மூங்கில் கழியும் மண்புழுவும் கொண்டு கெண்டையும் ஜிலேபியும் பிடிக்கும் வழக்கம் இன்னும் மறையவில்லை. ஆயினும் இளைஞர் பலர், தவளை வடிவிலும் சிறுமீன் வடிவிலும் செய்யப்பட்ட போலி இரைகளை வாங்கிக்கொண்டு விரால் பிடிக்கச் செல்கின்றனர். இந்த இரைகள் பலவற்றில் பொருத்தப்பட்டிருக்கும் மும்முனைத் தூண்டில் முள்ளைப் பற்றி, மருத்துவர்கள் என்ற முறையில் சிலவற்றை இங்கு விளக்க விரும்புகிறோம்.

மும்முனை முள்ளின் ஆபத்து

ஒரே தண்டிலிருந்து மூன்று திசைகளில் வளைந்து நிற்பது மும்முனை முள். சிறுமீன் வடிவ இரையில் பெரும்பாலும் இத்தகைய முட்கள் இரண்டு இருக்கும். அதாவது ஆறு கூர்முனைகள். விராலின் வாயில் அவற்றுள் ஒன்றோ இரண்டோ மட்டுமே தைக்கும். எஞ்சியவை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். விராலின் உடல் வழுக்கும், வால் வலிமையானது. முள்ளைக் கழற்றும்போது அது துள்ளினால், வெளியே நிற்கும் முனை பிடித்திருப்பவரின் விரலில் ஏறிவிடுகிறது. அதன் பின் மீனும் மனிதரும் ஒரே இரையில் கட்டுண்டவர்கள். மீனின் ஒவ்வொரு துள்ளலும் முள்ளை மேலும் ஆழமாகச் செலுத்தும்.

ஒவ்வொரு முனைக்கும் சற்றுக் கீழே பின்னோக்கிய சிறு எதிர்முள் உண்டு. உள்ளே நுழையும்போது அது தடுப்பதில்லை. வெளியே இழுத்தால் சதையைக் கிழிக்கும்.

கண்ணுக்கு நேரும் ஆபத்து இன்னும் கொடியது. ஆகாயத்தாமரையில் சிக்கிய இரையைப் பலங்கொண்டு இழுக்கும்போது, அது திடீரென விடுபட்டு, முறுக்கேறிய நரம்பின் விசையோடு முகத்தை நோக்கிப் பாய்கிறது. வீசுவதற்காகக் கோலைப் பின்னே கொண்டு செல்கையில் பின்னால் நிற்கும் குழந்தையின் முகத்திலும் தைக்கலாம்.

ஒற்றை முள்ளுக்கு மாற்றுதல்

மும்முனை முள், சாவிக்கொத்து வளையம் போன்ற சிறு வளையத்தால் இரையோடு இணைந்திருக்கும். குறடு கொண்டு அவ்வளையத்தைத் திறந்து, ஒற்றை முள்ளை மாட்டிவிடலாம். முள்ளின் காது இரையின் நீளவாட்டத்திற்கு ஏற்ற திசையில் அமைந்திருந்தால் முள் நேராகத் தொங்கும். பழைய முள்ளைவிட ஓரளவு பெரிய ஒற்றை முள் தேவைப்படும். ஆனால் முன்முள்ளும் பின்முள்ளும் ஒன்றோடொன்று சிக்கும் அளவுக்குப் பெரிதாக இருத்தல் கூடாது. எடை மாறுவதால் இரையின் மிதப்பும் அசைவும் சற்று மாறலாம். கரையோரத்தில் ஒருமுறை இழுத்துப் பார்த்துக்கொள்வது நல்லது. எதிர்முள்ளைக் குறடால் அழுத்தித் தட்டையாக்கிவிட்டால் பாதுகாப்பு மேலும் கூடும்.

இதனால் மீன் தப்பிவிடும் என்று அஞ்சுவோர் உண்டு. சில கடிகள் தவறக்கூடும். ஆயினும் நரம்பைத் தளரவிடாமல் இழுத்தால், நன்கு தைத்த ஒற்றை முள் மீனை உறுதியாகவே பிடிக்கும். செடிகளில் சிக்குவதும் குறையும். குஞ்சுகளைக் காத்து நிற்கும் தாய்விராலை மீண்டும் நீரில் விட நினைப்போருக்கு, மீனின் வாயை அதிகம் சிதைக்காமல் முள்ளைக் கழற்றவும் இயலும்.

முள் தைத்துவிட்டால்

முதலில் நரம்பை வெட்டி, இழுவிசையை நீக்க வேண்டும். மீன் தொங்கினால் அதனை அசையாமல் பிடித்து, இரையிலிருந்து பிரிக்க வேண்டும். வெளியே நிற்கும் மற்ற முனைகளைத் துணியாலோ ஒட்டுநாடாவாலோ மூடுவது அவசியம். இல்லையேல் உதவ வருபவரின் கையிலும் அவை தைக்கும். எதிர்முள் உள்ளே சென்றிருந்தால் பிடுங்க முயலாமல் மருத்துவமனைக்கு வர வேண்டும். அங்கு மரத்துப்போகும் ஊசியிட்டு, காயத்திற்கு ஏற்ற முறையில் முள்ளை எடுப்போம். பல வேளைகளில் முனையை முன்னோக்கித் தோலுக்கு வெளியே தள்ளி, எதிர்முள்ளை வெட்டி நீக்கியபின், எஞ்சியதை வந்த வழியே எடுப்பது வழக்கம். மும்முனை முள்ளாயின் மற்ற இரு முனைகளையும் முதலில் வெட்டி அகற்றவேண்டும். ஒற்றை முள்ளில் இந்த வேலையே இல்லை.

கண்ணிலோ இமையிலோ தைத்தால் முள்ளைத் தொடவே கூடாது. கண்ணைக் கசக்குதல், கழுவுதல், மருந்திடுதல் எதுவும் வேண்டாம். காகிதக் கோப்பை ஒன்றை, கண்ணிலும் முள்ளிலும் படாதவாறு கவிழ்த்து ஒட்டி, உடனே கண் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். 108 ஆம்புலன்சை அழைக்கலாம். அறுவை சிகிச்சை தேவைப்படலாம் என்பதால், வழியில் எதுவும் உண்ணவோ பருகவோ கொடுக்கக் கூடாது.

காயத்திற்குப் பின்

முள்ளை எடுத்தவுடன் காயத்தைச் சோப்பும் தூய நீரும் கொண்டு நன்கு கழுவவேண்டும். இரண ஜன்னி தடுப்பூசி போட்டு ஐந்து ஆண்டுகள் கடந்திருந்தால் மீண்டும் போட்டுக்கொள்ள வேண்டும். கண்மாய் நீரில் ஏரோமோனாஸ் போன்ற கிருமிகள் உள்ளன. நீரிழிவு, கல்லீரல் நோய் உள்ளோரிடம் அவை விரைந்து பரவக்கூடும். அத்தகையோர் காயம் சிறிதாயினும் அன்றே மருத்துவரிடம் காட்டவேண்டும். சிவத்தல், வீக்கம், சீழ், காய்ச்சல், விரலை மடக்க இயலாமை ஆகியவை தோன்றினால் எவரும் தாமதிக்கலாகாது. காயம் ஆறிய பின், சில வாரங்கள் கழித்து அதே இடத்தில் கட்டி எழும்புவதும் உண்டு. வழக்கமான மருந்துகளுக்குக் கட்டுப்படாத மைக்கோபாக்டீரியம் மரைனம் என்னும் கிருமி அதற்குக் காரணமாகலாம். ஆகவே, அது மீன்முள் தைத்த காயம் என்பதை மருத்துவரிடம் மறவாமல் சொல்லவேண்டும்.

தூண்டில் பிடிப்பது மனத்திற்கு அமைதி தரும் நல்ல பொழுதுபோக்கு. அதனைக் கைவிடுமாறு நாங்கள் கூறவில்லை. அடுத்த முறை கண்மாய்க்குப் புறப்படும் முன், ஒரு குறடும் சில ஒற்றை முட்களும் எடுத்துக்கொண்டு பத்து நிமிடம் செலவிடுங்கள். கண்ணாடி அணிந்து செல்லுங்கள். குழந்தைகளைக் கோல் வீசும் எல்லைக்கு அப்பால் நிறுத்துங்கள்.